மருந்தோடு அபயமும்



நம் அறநூல்கள் கூறும் நால்வகைத் தானங்களுள் ஔடதமும் உண்டு, அபயமும் உண்டு. மருத்துவமனையில் இவ்விரண்டும் பிரியாதிருத்தல் வேண்டும் என்பதே இன்று யான் கூற விழைவது.

அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவர் சீறுகிறார், கருவியை வீசுகிறார். பின்னொரு நாள் அவர் மருந்தின் அளவைப் பிழைபடச் சொன்னாலும், அருகில் நிற்கும் செவிலியர் வாய் திறக்க அஞ்சுவார். அம்மௌனத்தால் துன்புறுபவர் நோயாளியே.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு 2008ஆம் ஆண்டில் இது குறித்து எச்சரித்தது. 2009 முதல் நடத்தை நெறி வகுத்தலைக் கட்டாயமாக்கியது. அத்தகைய மருத்துவரை உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனுப்பும் வழக்கமும் அங்கு உண்டு. உடன் பணிபுரிவோரின் கருத்துகளைப் பெயர் மறைத்துத் திரட்டிப் பயிற்சியாளர் அவரிடம் காட்டுகிறார். தம்மைக் கண்டிப்பானவர் என்றே எண்ணியிருந்தவர், பிறர் நடுங்குவதை அப்போதுதான் அறிகிறார். எதனால், எப்போது சினம் எழுகிறது என நாள்தோறும் குறித்து, அது சொல்லாகுமுன் சற்றே நிற்கப் பழகுகிறார். தம் சீற்றத்துக்கு ஆளானோரிடம் மன்னிப்பும் கேட்கிறார்.

இது நமக்குப் புதிதன்று. செய்த குற்றத்தைத் திரும்பி நோக்குதலே பிரதிக்கிரமணம். தசலட்சணப் பர்வத்தின் முதல் நாள் சினத்தை வெல்லும் உத்தம க்ஷமைக்கும், மறுநாள் செருக்கை வெல்லும் உத்தம மார்தவத்துக்கும் உரியன அல்லவா?

நம் இல்லங்களில் மருத்துவம் பயிலும் பிள்ளைகளுக்குப் பட்டத்தோடு இப்பண்பையும் ஊட்டுவோம். அவர்தம் குரல் கேட்டு நோயாளியும் அஞ்சலாகாது; செவிலியரும் அஞ்சலாகாது.

அறம் வளர்க!