பால்புழுவும் இரண்டு கதவுகளும்



பத்து நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வைரஸைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஓசூர், தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் 'பால்புழு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். புழு ஊதிப்போய்த் தட்டின் விளிம்பில் அலையும். கூடு கட்டாது. தோல் கிழிந்தால் பால் மாதிரி நீர் வடியும். மொத்தத் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் புழு தின்பது கடைசிப் பருவத்தில். தழை, கூலி எல்லாம் செலவழிந்த பிறகு நோய் தெரிந்தால் வயிறு எரியாதா? "மருந்து சொல்லுங்க சார்" என்று கேட்பார்கள். உள்ளே புகுந்தபின் மருந்து கிடையாது.

காரணம், இந்த வைரஸ் இரண்டு வேஷம் போடுகிறது. வெளியே இருக்கும்போது பாலிஹெட்ரின் என்ற புரதப் படிகப் பெட்டிக்குள் கூட்டமாகப் பத்திரமாக இருக்கும். தழையோடு வயிற்றுக்குள் போகும். நமக்கு வயிற்றில் அமிலம். புழுவுக்கோ கடுமையான காரம். அந்தக் காரத்தில் பெட்டி கரைந்து, வைரஸ் குடல் செல்லின் நுண்விரல்களில் தன் உறையை ஒட்டவைத்து நேரே உள்ளே இறங்கி, உட்கருவைப் பிடித்துக்கொள்ளும்.

அங்கே பெருகி வெளியேறும்போது செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வருகிறது. அதில் ஜி.பி.64 என்ற புரதம் துருத்தி நிற்கும். அடுத்த செல் சவ்வை மடித்து, ஒரு பைக்குள் இதைத் தானே இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலம் ஏறியதும் ஜி.பி.64 உருமாறிச் சவ்வுகளை இணைத்துவிடும். முதல் கதவுக்குக் காரம், இரண்டாவதற்கு அமிலம்! இப்படியே உடம்பு பூராவும் பரவும்.

(இதே வைரஸை வைத்து ஜப்பானில் சுசுமு மயேடா குழுவினர் 1985-இல் பட்டுப்புழுவுக்குள் மனித இன்டர்ஃபெரான் தயாரித்தார்கள். கெட்டிக்கார வேலை!)

நாம் அடிக்க முடிந்த இடம் முதல் கதவுக்கு வெளியேதான். 2 சதவீத பிளீச்சிங் பவுடரை 0.3 சதவீத நீர்த்த சுண்ணாம்புக் கரைசலில் கலந்து வளர்ப்பு மனையைக் கழுவச் சொல்கிறோம். சுண்ணாம்பின் காரம் பெட்டியைக் கரைக்கும். வெளிப்பட்ட வைரஸைக் குளோரின் பார்த்துக்கொள்ளும். நோயுற்ற புழுவைத் தோல் கிழியுமுன் பொறுக்கிச் சுண்ணாம்பு நீரில் போட வேண்டும். கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். எச்சத்தோடு அந்தப் பெட்டிகள் மறுபடி தோட்டத்துக்கே வந்து சேரும்.