தெருக்கடையும் மாறும் காலமும்



இன்றைய பேச்சு தெருக்கடையைப் பற்றியது. சித்தூரிலும் திருப்பதியிலும் தெருவுக்குத் தெரு சிறு கடைகள் உண்டு. கடை நடந்தால்தான் கடைக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். பிள்ளைகள் படிப்பும் நடக்கும். ஆனால் பொருள் வாங்குபவர்களின் பழக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் சிறு கடை என்ன செய்ய வேண்டும்?

முன்பு மளிகைக் கடையில் அரிசியும் பருப்பும் மூட்டையில் இருக்கும். காகிதத்தில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றிக் கொடுப்பார்கள். எண்ணெய் வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துப் போவார்கள்.

பிறகு பாக்கெட் வந்தது. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் ஒரு யோசனை செய்தார். கூலி வேலை செய்பவரால் பெரிய ஷாம்பூ பாட்டில் வாங்க முடியாது. ஒரு முறை குளிக்கும் அளவுக்குச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் வாங்க முடியும் அல்லவா? அவர் மகன் ரங்கநாதன் 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதல் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அவருடைய 'சிக்' ஷாம்பூ பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கியது. வாங்குபவர் கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவில் பொருள் கொடுத்தார்கள். வியாபாரம் பெருகியது.

திருப்பதியைப் பாருங்கள். திருமலைக்குப் பல மாநிலத்து மக்கள் வருகிறார்கள். அதனால் பல கடைக்காரர்கள் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி என்று பல மொழியில் விலை சொல்வார்கள். திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தது. கடைக்காரர்கள் கண்ணாடி பாட்டிலுக்கு மாறினார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா நோயால் திருமலையில் தரிசனம் நின்றது. ஜூன் மாதம்தான் மறுபடி தொடங்கியது. யாத்திரிகர்களை மட்டும் நம்பிய கடைகளுக்கு அந்த நாட்களில் வருமானம் இல்லை. மளிகைக் கடைகளுக்கு நேரம் குறித்து அனுமதி கொடுத்தார்கள். பொருள் பட்டியலைச் செல்போனில் வாங்கி, வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்த கடைக்காரர்கள் உண்டு. ஒரே வகை வாடிக்கையை மட்டும் நம்பினால் ஆபத்து என்பது அன்று புரிந்தது.

பணம் கொடுக்கும் முறையும் மாறியது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் யூ.பி.ஐ. முறையும் அதே ஆண்டில்தான் வந்தது. இப்போது பூ விற்கும் அம்மாவின் கூடையிலும் அந்தக் கட்டம் போட்ட அட்டை இருக்கிறது.

இதில் கவனம் வேண்டும். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. யாராவது போடச் சொன்னால், அது ஏமாற்று வேலை. 'அனுப்பிவிட்டேன்' என்று படம் காட்டினால் போதாது. நம் செல்போனில் பணம் வந்ததா என்று படித்துப் பார்க்க வேண்டும். அட்டையின் மேல் வேறு யாரும் அட்டை ஒட்டியிருக்கிறார்களா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

பெரிய கடைகளில் விலை குறைவு என்கிறார்கள். அவர்கள் மொத்தமாக வாங்குவதால் குறைக்க முடிகிறது. பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சரக்கு எடுத்தால், வண்டிச் செலவாவது குறையும்.

சிறு கடையின் பலம் என்ன? பக்கத்திலேயே இருக்கிறது. பத்து ரூபாய்க்கும் பொருள் கிடைக்கும். அவசரத்துக்குக் கடனும் கிடைக்கும். ஆனால் கடனில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு கடையில் 10,000 ரூபாய் முதல் இருக்கிறது. அதில் 3,000 ரூபாய் சரக்கு கடனில் போகிறது. மறுமுறை 7,000 ரூபாய்க்குத்தான் சரக்கு எடுக்க முடியும். அலமாரி காலியாகும். வருபவர்கள் வேறு கடைக்குப் போவார்கள். கடன்பட்டவரும் வெட்கப்பட்டு வேறு தெரு வழியாகப் போவார். பணமும் போகும், வாடிக்கையும் போகும்.

'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. தெரிந்தவர் கேட்டால் மறுக்க முடியாது. ஆகவே இரண்டு நோட்டு போடுங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வாங்குபவர் கையில். தேதி, பொருள், தொகை மூன்றையும் இரண்டிலும் எழுதுங்கள். இருவரும் படித்துப் பாருங்கள். பிறகு சண்டைக்கு இடமில்லை. இவ்வளவு வரை கடன் என்று ஓர் எல்லையும் வையுங்கள்.

பாக்கெட்டில் அச்சடித்த விலையையும் தேதியையும் படியுங்கள். பழைய சரக்கை முன்னால் வையுங்கள், புதியதைப் பின்னால் வையுங்கள். தேதி கடந்ததை விற்காதீர்கள். வாங்குபவர்களும் படித்துப் பார்த்து வாங்குங்கள். அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

படிக்கத் தெரிந்த கையை எளிதில் ஏமாற்ற முடியாது. கணக்கு எழுதும் கடை எளிதில் மூடாது. இன்று இரவே ஒரு நோட்டு எடுங்கள். இன்றைய வரவையும் செலவையும் எழுதிப் பாருங்கள்.