தீர்மான நோட்டு

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தாங்க. நெட்டை நிறுத்திட்டாங்க. எங்க கிராமத்துக்கு பஸ்ஸும் வரலை. வீட்டுக்காரருக்கு அஞ்சு நாளா வேலை இல்லை. சனிக்கிழமை ரசமும் முருங்கைக்கீரையும்தான். பிள்ளைங்க மீன் கேட்டு அழுதாங்க.

அன்னைக்குத்தான் குழுக் கூட்டம். 144 போட்டிருக்காங்கன்னு கூடி உட்காரப் பயம். நான் ஊக்குநர். தீர்மான நோட்டை முந்தானைக்குள் மறைச்சு, திருடி மாதிரி வீடு வீடாகப் போனேன். 12 பேரும் கையெழுத்துப் போட்டாங்க. சேமிப்பு கட்ட யாரிடமும் காசில்லை. பெட்டியில் இருந்த 2,400 ரூபாயை அரிசி இல்லாத மூணு வீட்டுக்குக் கடனாகப் பிரிச்சுக் கொடுத்தோம். வட்டி வேண்டாம்னு முதலில் சொன்னது, கணக்கில் எப்பவும் கறாரா இருக்கிற எங்க பக்கத்து வீட்டு அக்கா. ஆடி மாதத்துக்குள் மூணு பேரும் கட்டிட்டாங்க.