குடி நின்றபின் எழும் நினைவு



கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும், மலைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களிலும் உழைத்துத் திரும்புவோர் உடல் அலுப்புக்கே குடிக்கின்றனர் என்பது ஊரார் கூற்று. சிலருக்கு அது உண்மைதான். வேறு சிலர் இளமையில் பட்ட அடியையும், வெளியே சொல்லவியலாத பாலியல் கொடுமையையும் மறக்கவே குடிக்கின்றனர்.

1998இல் அமெரிக்காவில் 9,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. இளமையில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பம் கண்டோர்க்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய இடர்கள் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தன. இந்தியாவில் 13 மாநிலங்களில் நடந்து 2007இல் வெளியான அரசு ஆய்வோ, மூன்றில் இரு குழந்தைகள் அடிபட்டதாகக் கண்டது.

சிகிச்சையில் முதலில் கைநடுக்கம் தணியும். பழைய நினைவோ அப்போதுதான் தலைதூக்கும். இத்தனை நாள் அதை அமுக்கி வைத்திருந்தது மதுவன்றோ! உறக்கம் கெடும், உரத்த குரல் கேட்டால் உடல் பதறும். அந்நிலையில் மருத்துவமனையை விட்டு ஓடுபவனை உறவினர் ‘திருந்தாதவன்’ என்று ஏசுவர். ஏச்சு அவனுக்குத் தந்தையின் குரலாகவே கேட்கும். பெண்களின் நிலை இன்னும் கொடிது. பழிக்கு அஞ்சி அவர்களுள் பலர் சிகிச்சைக்கே வருவதில்லை.

நல்ல ஆலோசகர் புண்ணைக் கிளறார். அச்சமற்ற இடம் தந்து, அவராகச் சொல்லும் நாள்வரை காத்திருப்பார். குடிப்பவர் வீட்டில் இன்று ஒரு குழந்தை அடிபடுமாயின், 1098 என்னும் எண்ணை அழைக்க அண்டை வீட்டாருக்கும் உரிமையுண்டு.