அமைய ஊழியருக்கும் கதவைத் திறவுங்கள்

(வடபகுதிப் பிரதேச சபையொன்றின் ஊழியர் சங்கக் கிளையினது வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், கிளையின் சட்ட ஆலோசகர் ஆற்றிய உரை)



காரியதரிசி வாசித்த ஆண்டறிக்கையைக் கேட்டீர்கள். நிலுவையாய்க் கிடந்த மேலதிக நேரக் கொடுப்பனவு கைக்கு வந்தது. கையுறையும் பாதணியும் கேட்டுப் பெறப்பட்டன. மரண சகாய நிதியிலிருந்து இரு குடும்பங்களுக்கு உதவி சென்றது. இவை நல்ல காரியங்களே. ஆயினும் நான் எழுந்து நிற்பது இவற்றைப் புகழ்வதற்கன்று. நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு பிரேரணை இருக்கின்றது. அமைய ஊழியரையும் வாக்குரிமையோடும் சகாய நிதி உரிமையோடும் முழு அங்கத்தவராய்ச் சேர்க்க வேண்டும் என்பதே அது. கடைசியில் வைத்ததன் நோக்கம் எனக்கு விளங்காமலில்லை; சாப்பாட்டு நேரம் நெருங்கினால் பிரேரணைகள் தாமாகவே அடுத்த வருடத்துக்குப் போய்விடும். ஆகையால் முதலிலேயே அதைப் பற்றிப் பேசிவிடுகின்றேன்.

எதிர்ப்போர் சொல்லும் நியாயங்கள் இரண்டு. முதலாவது: "அவர்கள் நிரந்தரமில்லாதவர்கள், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு இருக்கமாட்டார்கள், சங்கத்துக்கு அவர்கள் எப்படி அங்கத்தவராவது?" இதற்குச் சட்டமே பதில் சொல்கின்றது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தில் நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதமே கிடையாது. தொழில்தருநரோடு உடன்படிக்கை செய்து வேலை செய்பவன் தொழிலாளி. அவ்வுடன்படிக்கை எழுத்தில் இருக்கலாம், வாய்ச்சொல்லாய் இருக்கலாம், நடத்தையிலிருந்து ஊகிக்கப்படுவதாயும் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட, விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போகின்ற மனிதனுக்கு நியமனக் கடிதம் இல்லாதிருக்கலாம்; சட்டத்தின் கண்ணில் அவன் தொழிலாளியே. நமது அரசியல் யாப்பின் 14ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் அதிற் சேரவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகின்றது. அங்கும் "நிரந்தரமானவர்களுக்கு மாத்திரம்" என்று ஒரு சொல் இல்லை.

இனி, "இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்கள்" என்ற பேச்சைப் பார்ப்போம். சென்ற வருடம் என்னிடம் ஓர் அம்மா வந்தார். எந்தச் சபையென்று சொல்லமாட்டேன்; இந்தச் சபை அல்ல. அவருடைய கணவர் பதினான்கு வருடம் அமைய ஊழியராய் வடிகால் சுத்தம் செய்து இறந்துபோனார். பதினான்கு வருடம்! இதற்குப் பெயர் தற்காலிகம். ஊழியர் சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கின்றது என்று அறிய வந்த அம்மாவிடம் கணவருடைய அங்கத்துவ இலக்கம் இல்லை. கந்தோரிற் கேட்டால் பழைய வரவுப் பதிவேட்டைக் காணவில்லை என்றார்கள். சில வருடங்களுக்குப் பணம் செலுத்தப்பட்டிருந்தது. சில வருடங்களுக்கு ஒன்றுமேயில்லை. பின்னுரித்தாளராக எவரையும் அவர் பெயர் குறித்து வைக்கவுமில்லை. உயிரோடிருந்தபோது ஒரு சங்கம் அவருடைய பெயரை எழுதி, "தம்பி, உன் இலக்கத்தைக் காட்டு" என்று ஒருமுறை கேட்டிருந்தால், அந்த அம்மா எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை!

இந்த நிதியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்கின்றேன், பொறுத்துக் கேளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஓய்வூதியத்துக்கு உரித்தில்லாத ஊழியனுடைய சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் 12 வீதம் போடவேண்டும். அடுத்த மாதம் முடிவதற்குள் பணம் போய்ச் சேரவேண்டும். தாமதித்தால் 5 வீதத்தில் தொடங்கி, நாட்செல்ல 50 வீதம் வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும். கட்டாத தொகையை அறவிடுவதற்குத் தொழில் ஆணையாளர் நீதவான் மன்றத்துக்கே போகலாம். இதற்கு மேலாக, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இது முழுவதும் தொழில்தருநரின் கையிலிருந்தே வரவேண்டும், ஊழியனுடைய சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கக்கூடாது. சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிக்கப்பட்டிருக்கின்றதா என்று மாத்திரம் பார்த்துத் திருப்திப்படுவோர் பலர். கழிக்கப்பட்டது வேறு, செலுத்தப்பட்டது வேறு. செலுத்தப்பட்டதை நிதியின் கணக்குக் கூற்றிற்றான் காணலாம்.

அமைய ஊழியன் ஒருநாள் நிரந்தரமாக்கப்படுகின்றான் என்று வையுங்கள். 2014இல் வந்த 25ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையினால் இப்படிப் பலர் நிரந்தரமானார்கள். ஓய்வூதியமுள்ள பதவிக்குப் போகின்றவன் சேமலாப நிதியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாகப் பத்து வருடச் சேவை வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் நிரந்தரமாகி அறுபதில் இளைப்பாறுகின்றவனுடைய நிலை என்ன? முன்னைய வருடங்கள் கணக்கில் எடுக்கப்படுமா என்ற கேள்வி எழும்போது, அவ்வருடங்களுக்குச் சாட்சி எது? ஒவ்வொரு வருடமும் சங்கம் எடுத்து வைத்த பிரதியே சாட்சி. நிரந்தரமானவர்களே, உங்களிற் பலரும் அமைய ஊழியராய் இருந்து வந்தவர்கள்தாமே. இது உங்களுக்குத் தெரியாத கதையன்று.

விபத்தையும் சொல்லவேண்டும். குப்பைப் பையினுள் உடைந்த கண்ணாடி, ஊசி, மலக்குழியில் நச்சுவாயு, வீதியில் வாகனம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும் உள்ளடக்கப்பட்டது. விபத்து நடந்த அன்றே பதிவேட்டில் எழுதப்படாவிட்டால், வழக்கு நடத்துகின்றவன் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது நியாயத்துக்கு வருகின்றேன். "எங்கள் மரண சகாய நிதி கரைந்துபோகும்" என்கிறார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய பயமன்று. பத்து ரூபாவாய்ச் சேர்த்த காசு. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர்கள் சும்மா வரப்போவதில்லை, சந்தாவோடு வருகிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் சந்தா கட்டிய பின்னரே நிதியுரிமை உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சபையில் வேலை நின்றுபோனால் மூன்று மாதம் வரைக்கும் உரிமை தொடரும் என்று இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கத்தவரின் மரணம், முதுமை, நோய், விபத்து, வேலையின்மை ஆகியவற்றுக்குச் சங்கப் பணத்தைச் செலவிடக் கட்டளைச் சட்டமே இடந்தருகின்றது.

மூன்றாவது நியாயம் ஒன்றும் உண்டு. அதை எவரும் மேடையிற் சொல்வதில்லை. தேநீர்க் கடையிற் சொல்கிறார்கள். அமைய ஊழியரிற் பெரும்பாலார் சுத்திகரிப்புத் தொழிலாளர். அவர்கள் பக்கத்திற் கதிரை போட்டு இருப்பதற்குச் சிலருக்கு மனமில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும், சங்கக் கூட்டத்திற் கதிரைக்கு இடம் பார்க்கும் புத்தி போகவில்லையென்றால், சங்கம் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வையுங்கள். இதற்கு மேல் மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எழுதுவினைஞருக்கு ஒரு வார்த்தை. 1947ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, கொழும்பு தெமட்டகொடையில் வேலைநிறுத்தக்காரர் ஊர்வலத்தின்மேற் பொலீசார் சுட்டபோது இறந்தவர் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர், நம்மவர். அன்றைக்கு மேசையில் எழுதுகின்றவர்களும் கையாற் பாரந்தூக்குகின்றவர்களும் ஒரே போராட்டத்தில் நின்றார்கள். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வேலையிழந்தார்கள். தனித்தனியே நின்றவர்களைப் பிரித்தெடுப்பது எவ்வளவு இலேசு என்பதை அப்போதும் பார்த்தோம்.

கமக்காரர்களே, உங்களுக்கு இதில் என்ன என்று யோசிக்கிறீர்கள். மாரியில் மதகு அடைத்து வயலில் வெள்ளம் நின்றால், இரவோடிரவாக வந்து மதகைத் திறப்பவன் இந்த அமைய ஊழியனே. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை, முறையிடுவதற்கு நமக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் குப்பை அள்ளப்பட்டது, ஒழுங்கை வெளிச்சம் எரிந்தது. அதைச் செய்தவனுடைய கணக்கு ஒழுங்காய் இருக்கின்றதா என்று இப்போது வந்திருக்கும் உறுப்பினரைக் கேட்கும் உரிமை, சோலைவரி கட்டுகின்ற உங்களுக்கு உண்டு. கேளுங்கள்.

பிரேரணையை நான் முன்மொழிகின்றேன்; விதித் திருத்தம் இரண்டையும் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கின்றேன். வாக்கெடுப்பு இரகசியமாய் நடக்கட்டும். எந்த முடிவு வந்தாலும், வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசிகசாலை மண்டபத்தில் நான் இருப்பேன். அமைய ஊழியர் எல்லாரும் அடையாள அட்டை, கையிலிருக்கும் சம்பளச் சீட்டுக்கள், கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். சேமலாப நிதி இலக்கம் தெரியாதவர்கள் முதலில் வாருங்கள்.