கட்டுத்துவக்குக்கு ஆள் தெரியாது

நம் இலங்கையில் துவக்குகளைக் கட்டுப்படுத்துவது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்காக வழங்கப்பட்ட துவக்குகளை 2024 நவம்பர் 7க்குள் ஒப்படைக்கச் சொல்லி, பாதுகாப்பு அமைச்சு மீளாய்வும் தொடங்கியது.

ஆனால் மலையகத்தின் கவலை, பத்திரமே இல்லாத கட்டுத்துவக்கு. மரக்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகக் காட்டோரத்தில் கட்டுகிறார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். வந்தது பன்றியா, சிறுத்தையா, விறகு பொறுக்கப் போன அக்காவா என்று அதற்குத் தெரியாது.

சட்டத்தைத் திருத்துவதானால், தண்டனையோடு நின்றுவிடக் கூடாது. பயிர் இழந்தவருக்கு நட்டஈடும், பாதுகாப்பான வேலியும் கிடைக்க வேண்டும். அதுவரை, கட்டுத்துவக்கைக் கண்டால் தொடாதீர்கள். உடனே 119க்கு அழைத்துப் பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.