கல்விக் கொள்கையும் பெண்மக்களும்



1824ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினர். பெண் எழுத்தறிந்து ஆவதென்ன என்று வினவுவோர் அக்காலத்தில் அநேகர். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இருபத்தொரு வயதடைந்த ஆடவருக்கும் மகளிருக்கும் ஒருங்கே வாக்குரிமை வழங்கியது. எனினும், அவ்வுரிமை பெற்ற பெண்களிற் பெரும்பாலோர் வாசிக்க அறியாதவராகவே இருந்தனர்.

அந்நிலையை மாற்றியது 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியாகும். பெண்ணுரிமை பேசி எழுந்த திட்டமன்று அது. ஆயினும், கட்டணம் செலுத்தவேண்டிய காலத்தில், மகனைப் படிப்பிப்பதா மகளைப் படிப்பிப்பதா என்று கணக்கிட்ட ஏழைத் தந்தைக்கு, அக்கணக்கே வேண்டாததாயிற்று. பெண்கள் பாடசாலைகளை நோக்கித் திரண்டனர். இன்று நம் நாட்டிற் பல்கலைக்கழகம் புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே.

இத்துடன் மனநிறைவு கொள்ளலாமா? பொறியியற் பீடங்களில் அவர் தொகை இன்னும் குறைவு. தொழில் புரியும் வயதுடைய பெண்களில், ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையிற் கணிக்கப்படுகின்றனர். (அடுப்படியில் உழைப்பவள் அக்கணக்கில் வருவதில்லை என்பது வேறு கதை.) கதவைத் திறந்துவிட்ட கொள்கை, உள்ளே கற்பிக்கப்படுவது யாதென ஆராயத் தாமதித்தது. பல தலைமுறையார் கற்ற பாலர் வாசகங்களை நினைவுகூருங்கள். அப்பா பத்திரிகை படிக்கிறார்; அம்மா சோறு சமைக்கிறாள். தொழிலை மட்டுமா பிரித்தோம்? 'ஆர்' விகுதியை ஒருவருக்கும் 'ஆள்' விகுதியை மற்றவருக்கும் பங்கிட்டோம். ஐந்து வயதுப் பிள்ளை இலக்கணம் அறியாது. மரியாதை எங்கே செல்கிறது என்பதை நன்கு அறியும்.

பாடத் தெரிவும் இத்தகையதே. மனைப்பொருளியலை ஆண்பிள்ளை கற்கலாகாதென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆயினும், அவ்வகுப்பிற் பெண்களே நிறைந்திருக்கின்றனர். உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆய்கூடமும் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றி அதனை நடத்த இயலாது. இவை இல்லாத ஊரில், தொழினுட்பம் பயில விரும்பும் மாணவி தொலைவிலுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் பேருந்தேற வேண்டும். மாலையில் இருள்வதற்குமுன் அவள் வீடு திரும்பவேண்டும் என்ற அச்சம் பெற்றோரைத் தடுக்கின்றது. கலைப்பிரிவோ பக்கத்துப் பாடசாலையிலேயே இருக்கிறது. இவ்வாறு அவள் தெரிவை வீதியும் பேருந்துமே செய்துவிடுகின்றன.

கல்விக்கென ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படும்போது, தங்கள் கோட்டத்துப் பெண்கள் பாடசாலைக்கு எத்தனை ஆய்கூடங்கள், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க எத்தனை விடுதிகள் என்று பெற்றோர் எழுதிக் கேட்கலாம்.